பால் சேராத மேஜை

ஓர் ஓட்டலின் மெனு அட்டையை எனக்காக நான் முதன்முதலாகப் படித்தபோது எனக்கு இருபத்தேழு வயது. லீவுக்குத் தில்லியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு முன்பும் மெனு அட்டைகள் என் கைக்கு வந்ததுண்டு. கரண்ட் போன நேரத்தில் வீசிக்கொள்ள வசதியாக இருக்கும்.

எனக்குப் பால் ஆகாது. காபியில் கொஞ்சம் கூடிப்போனால் வயிறு பொருமும் என்கிற வகை இல்லை. மோர் பட்ட கரண்டியால் குழம்பை ஊற்றினாலே போதும். கால் மணி நேரத்தில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், பிறகு தொண்டை அடைக்கும். தயிர், நெய், வெண்ணெய், பால்கோவா எல்லாவற்றுக்கும் அதே கதிதான். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தும் அல்வாவைத் தொட்டுப் பார்க்காதவள் நான். அம்மா எனக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் மட்டும் எனக்கு ஒத்துக்கொண்டதால் சொதியும் ஆப்பமுமாக வளர்ந்தேன். ஓட்டல் மட்டும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த பிறகும், மற்ற டீச்சர்களோடு ஓட்டலுக்குப் போனால், நான் வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அத்தானுக்கு மத்திய அரசு வேலை. சரோஜினி நகரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அக்கா வருஷா வருஷம் கூப்பிடுவாள். ஒரு டிசம்பரில் அரையாண்டு லீவோடு இன்னும் சில நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் ரயிலுக்கும் சேர்த்துக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

வந்த மறுநாளே அத்தான் எங்களைக் கனாட் பிளேஸ் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். பரிமாற வந்தவரிடம் இந்தியில் மூன்று தடவை சொன்னார். பால் கூடாது, தயிர் கூடாது, நெய், வெண்ணெய், மலாய் எதுவும் கூடாது. அவரும் தலையை ஆட்டி, "பில்குல் நஹீ, சார். நோ ப்ராப்ளம்" என்றார். முதல் ரொட்டி நன்றாகவே இறங்கியது. இரண்டாவது ரொட்டியில், விருந்தாளிகள் என்று பிரியமாக நினைத்தார்களோ என்னவோ, உள்ளே யாரோ வெண்ணெயைத் தடவி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எனக்கு நினைவிருப்பது ஆட்டோவின் ஆட்டமும், ஊசியும், என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் நின்ற அக்காவின் முகமும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். வெளியே எங்கே போனாலும் டிபன் டப்பா. அக்கா ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்த் தேங்காயும் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கிவந்து சொதி வைத்தாள். செங்கோட்டைப் புல்தரையில் சொதி. குதுப் மினார் நிழலில் சொதி. அக்கா நன்றாகத்தான் வைப்பாள். ஆனாலும் ஒவ்வொரு தெருமுனையிலும் எதையோ பொரிக்கிற வாசனை வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மினாரைப் பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் மதியத்துக்கு மேல் ஸ்வெட்டர் வாங்க நான் மட்டும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு நடந்துபோனேன். குளிர் வெடவெடவென்று இருந்தது. துணி குவித்துப் போட்டிருந்த ஒரு கடையில் என் வயதில் ஒரு வெளிநாட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கம்பளிக் கோட்டும் சால்வையுமாக நிறைய வாங்கியிருந்தாள் போல, கடைக்காரர் சந்தோஷத்தில் அவளுக்கு டீ வரவழைத்தார். ஆவி பறக்கிற பால் டீ. அவள் நெஞ்சில் கை வைத்து, "மன்னிக்கணும். மத்தியானம் சிக்கன் சாப்பிட்டேன். ராத்திரி வரை பால் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடைக்காரர், "ஒரே ஒரு வாய், மேடம்" என்றார். அவள் சிரித்தபடி மறுபடியும் மறுத்தாள்.

என் கையிலிருந்த ஸ்வெட்டரை அப்படியே குவியலில் போட்டுவிட்டேன்.

"உங்களுக்கும் பால் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகுமே. எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். "ஆனால் இறைச்சி சாப்பிட்டால் ஆறு மணி நேரம் பால் கிடையாது. நாங்கள் யூதர்கள். எங்களுக்கு இரண்டும் சேரக் கூடாது."

"அப்படியென்றால் பால் சேராத சிக்கன் உங்களுக்குத் தில்லியில் எங்கே கிடைத்தது?"

நான் கேட்ட வேகத்தில் அவள் ஒரு அடி பின்னால் போய்விட்டாள். பிறகு நிதானமாக விளக்கினாள். பஹாட்கஞ்சில் அவர்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வந்து தங்குவார்களாம். அவர்களுக்காகக் கோஷர் ஓட்டல் இருக்கிறதாம். கோஷர் என்றால் அவர்கள் மதச் சட்டப்படி சமைத்தது. இறைச்சி சமைக்கிற அடுப்படிக்குள் பால் என்ற பொருள் வாசல்படியே தாண்டாதாம். பாத்திரம் தனி, கரண்டி தனி, கழுவுகிற தொட்டிகூடத் தனி.

"நெய்?"

"கிடையாது."

"ரொட்டியில் யாராவது வெண்ணெய் தடவிவிட்டால்?"

"தடவினவருக்கு மறுநாள் அங்கே வேலை இருக்காது" என்றாள்.

அவளுடைய துணிப்பையில் இருந்த ஒரு காகித உறையில் வழியை வரைந்து தந்தாள். மெயின் பஜார், ஒரு தோல்பைக் கடை, இடது பக்கம் ஒரு சந்து. சந்தின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. நான் ஸ்வெட்டர் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். பல் தந்தியடித்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அக்கா கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "ஏட்டி, உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? அந்தப் பிள்ள யாரு என்னன்னு தெரியாது. அது சொல்லிச்சின்னு போயி நிக்கப்போறியா? ஊசி போட்ட கையி இன்னும் வலிக்குன்னு காலம்பறதான சொன்னே."

அத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அரே, நோ ப்ராப்ளம்னு இந்த ஊர்ல எவனும் சொல்லுவான்மா. அன்னைக்குச் சொன்னான்லா" என்றார்.

"அவன் எனக்காகச் சொன்னான், அத்தான். இவங்க எனக்காகச் செய்யல. இவங்களுக்கு அது சாமி காரியம். யாரும் கேக்காட்டாலும் பால் சேக்க மாட்டாங்க."

அக்கா அரிந்து வைத்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நானும் வாரேன். மாத்திரைய எடுத்து வச்சுக்கோ. மொதல்ல ஒரு கிள்ளு. பத்து நிமிசம் கழிச்சுத்தான் மிச்சம்" என்றாள்.

அன்று இரவு, மறுநாள் பள்ளிச் சுற்றுலா போகப்போகிற பிள்ளை மாதிரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பஹாட்கஞ்ச் மெயின் பஜாரில் நடக்க இடமே இல்லை. சைக்கிள் ரிக்ஷா, மாடு, முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரர்கள், சாம்பிராணி வாசனை. ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் நடுவில் சதுரம் சதுரமாக இன்னொரு எழுத்து, அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்களுடையது போல, பலகைகளில் தெரிந்தது. தோல்பைக் கடையென்றால் அங்கே இருபது தோல்பைக் கடை. அக்கா ஒவ்வொரு கடையிலும், "பையா, கோஷர் கிதர் ஹை?" என்று கேட்டாள். நாலாவது கடைக்காரர் கை காட்டிய சந்தில் அதே சதுர எழுத்துப் பலகையோடு ஓர் ஓட்டல் இருந்தது. கீழ்த்தளம். பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மெனு அட்டையை எடுத்துவிட்டேன்.

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். உச்சந்தலையில் வட்டமாகச் சின்னத் தொப்பி, கறுப்புத் தாடி.

"எனக்குப் பால் ஆகாது. ஒரு துளிகூட" என்றேன்.

"பிடிக்காதா, ஆகாதா?" என்று கேட்டார்.

"மூச்சு நின்றுவிடும்."

அவர் என் கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கி மூடினார். "அப்படியென்றால் நீங்கள் இங்கே சாப்பிடக் கூடாது. இது கோஷர்தான். ஆனால் பால் அடுப்படி. இறைச்சி இல்லை, எல்லாவற்றிலும் சீஸ். பால் சேராத பண்டத்தைக்கூட இதே பாத்திரத்தில்தான் செய்கிறோம். உங்களுக்கு நான் எதுவும் தர மாட்டேன்."

மேஜையில் எனக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தம்ளரையும் நகர்த்தி வைத்தார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஓட்டல்காரர் ஒருவர் என்னிடம் "முடியாது" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"பக்கத்தில் இறைச்சி ஓட்டல் இருக்கிறது. வாருங்கள்" என்று சொல்லி, கல்லாவை அங்கே இருந்த ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரே முன்னால் நடந்தார். இரண்டு சந்து திரும்பினோம். அக்கா என் காதில், "ஏட்டி, கடைக்கு வந்த ஆள வேண்டாம்னு வெரட்டுதான் பாரு. இவன நம்பலாம்போல இருக்கே" என்றாள்.

குறுகலான மாடிப்படி. மேலே வாசல் நிலையில் அவர்கள் வேத வாசகம் வைத்த, விரல் நீளச் சின்னப் பேழை ஒன்று பொருத்தியிருந்தது. அவர் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு உள்ளே போனார். தலையில் துணி கட்டிய ஒரு பருத்த அம்மாவிடம் அவர்கள் மொழியில் மடமடவென்று ஏதோ சொன்னார். என்னைக் காட்டினார், தன் தொண்டையைக் காட்டினார். பிறகு எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த அம்மா என் எதிரே வந்து நின்று, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இங்கே நீ எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு இந்தியில் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தாள். எண்ணெய் எது? மாவு எது? சூப்புக்கு மேலே என்ன தெளிப்பீர்கள்? அந்த அம்மாவுக்குத் தெரிந்தது கடைத்தெரு இந்திதான். நாலைந்து கேள்விக்குப் பிறகு, "ஆவோ. கிச்சன் தேக்கோ" என்று அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் தனியாக மெனுவோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் வரியிலிருந்து படித்தேன். எது ஆகும், எது ஆகாது என்று மனசுக்குள் கோடு போட வேண்டியதில்லை. முதல் பக்கம் முழுக்க என்னுடையது. திருப்பினால் அடுத்த பக்கமும். பாதிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆனாலும் விலைப்பட்டியல் உட்பட எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்த்தால் எல்லாக் கேள்வியும் தெரிந்த கேள்வியாக இருக்கும்போது அடித்துக்கொள்ளுமே, அப்படி.

அக்கா வெளியே வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது. "ஒரு சொட்டுப் பால் இல்லட்டி. பிரிட்ஜத் தொறந்து காட்டிட்டா. அடுக்களையில நெய் வாசமே இல்ல, நம்ம அம்மா ஒனக்குன்னு வச்சிருக்க அடுப்பு மாதிரி இருக்கு."

நான் ஐந்து பண்டம் சொன்னேன். அந்த அம்மா மூன்று போதும் என்றாள். நான் ஐந்தும் வேண்டும் என்றேன்.

சூப் வந்தது. கோழிச் சாற்றில் மாவு உருண்டைகள் மிதந்தன. கொண்டைக்கடலையை எள் விழுதோடு வெண்ணெய் போல அரைத்து, நடுவில் குழி செய்து எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழித்துண்டு தட்டைவிடப் பெரிதாக இருந்தது. பின்னல் போட்ட மாதிரி ஒரு பன் ரொட்டி, மேலே பளபளவென்று.

"இந்த மினுமினுப்பு?" என்று அக்கா சந்தேகமாகக் கேட்டாள்.

"முட்டை" என்றாள் அந்த அம்மா. "ரொட்டியில் நாங்கள் பால் விடுவதில்லை. இறைச்சியோடு சாப்பிட வேண்டுமே."

அக்கா ரொட்டியில் ஒரு கிள்ளு கிள்ளி என் வாயில் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவும் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். உதடு உதடாகவே இருந்தது. பத்தாவது நிமிஷத்தில் அக்கா, "தின்னுட்டி" என்றாள். அது புரிந்த மாதிரி பக்கத்து மேஜையில் யாரோ கை தட்டினார்கள்.

நான் தின்றேன். சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன். கோழித்துண்டு கடிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. மசாலா குறைவு, காரம் இல்லவே இல்லை, ஊரில் இப்படிச் செய்தால் அம்மாவைக் கோபித்துக்கொண்டிருப்பேன். அன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அக்காவின் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றேன். மற்றவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பது எவ்வளவு ருசி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியாக அந்த அம்மா, நாங்கள் கேட்காமலே, ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சாக்லேட் கேக்.

"வேண்டாம்" என்று நானும் அக்காவும் ஒரே குரலில் சொன்னோம்.

அவள் சிரித்தாள். "எண்ணெயில் செய்தது. முட்டை, சர்க்கரை, கோகோ. இது என் அடுப்படி. இங்கே எங்கிருந்து பால் வரும்?"

பள்ளிக்கூடத்தில் எத்தனை பிறந்தநாளுக்கு நான் கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியிருக்கிறேன். மறுபடியும் ஒரு கிள்ளு, மறுபடியும் பத்து நிமிஷம். பிறகு கரண்டியால் ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மெத்தென்று, ஈரமாக, லேசான கசப்போடு இனித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து எனக்குப் புரையேற, அலர்ஜிதான் வந்துவிட்டது என்று அக்கா மாத்திரை அட்டையைப் பிய்த்துவிட்டாள்.

எல்லாம் அடங்கிய பிறகு அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து காபி கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காபி இல்லாவிட்டால் அவளுக்குத் தலை இடிக்கும்.

"காபி உண்டு. பால் கிடையாது" என்றாள் அந்த அம்மா.

"கொஞ்சூண்டுகூடவா?"

"கொஞ்சூண்டுகூட."

கறுப்புக் காபி வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கஷாயம் குடித்தவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். நான் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "இருபத்தேழு வருசமா நீ இப்படித்தான் உக்காந்திருந்தியாட்டி?" என்றாள். அவள் அந்தக் காபியை முழுக்கக் குடித்து முடித்தாள்.

அதற்கப்புறம் இருந்த ஆறு நாளில் மூன்று தடவை போனோம். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கடை சாத்திவிடுவார்கள், சனிக்கிழமை முழுக்கத் திறக்க மாட்டார்கள் என்பது தெரியாமல் சனிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை அத்தானும் வந்தார். ஊருக்கு என்னிடம் கொடுத்துவிட வழியில் ஒரு கிலோ பால் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தவர், அந்தப் பெட்டியை மேஜைமேல் வைத்து, "என்ன பார்சல்னு பாத்துக்கோம்மா" என்று மூடியைத் திறந்துவிட்டார்.

அந்த அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவ்வளவு பருத்த உடம்போடு அப்படி ஓட முடியும் என்று நான் நினைக்கவில்லை. "பாஹர்! பாஹர்! ப்ளீஸ்!" என்று வாசலைக் காட்டினாள்.

அத்தான் முகம் சிவந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகத் தில்லியில் ஆபீசராக இருக்கிற மனுஷர். "காசு குடுத்துச் சாப்பிட வந்தா வெளிய போங்குதா? நான் என்ன, இத இங்கயா திங்கப்போறேன்? வாங்க, எந்திரிங்க போவோம்" என்று எழுந்துவிட்டார்.

"அத்தான், உங்கள இல்ல, பெட்டியத்தான் சொல்லுதாங்க" என்றேன். "எந்த வீட்டுக்குப் போனாலும் நான் ஒவ்வொரு பாத்திரமா மோந்து பாத்துட்டுத்தான் உக்காருவேன். இங்க ஒரு நாளும் அப்படிப் பாக்கல. ஏன்னா இவங்க இப்படி ஓடி வாராங்க."

அத்தான் பெட்டியைப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் பெட்டி இல்லை. "கீழ ரிக்ஷாக்காரங்க நாலு பேர் இருந்தாங்க, குடுத்துட்டேன்" என்றார். தண்ணீர்த் தொட்டியடியில், அங்கே எல்லோரும் சாப்பிடும் முன் கை கழுவுகிற இரண்டு கைப்பிடி வைத்த செம்பு இருந்தது. யாரும் சொல்லாமலே அதில் தண்ணீர் மொண்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா அவருக்கு மட்டும் இரண்டு கோழித்துண்டு கொண்டுவந்து வைத்தாள். அத்தான் பழக்கதோஷத்தில், "தஹி ஹை?" என்று தயிர் கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரயிலேறும் நாள் மதியம் நான் மட்டும் போனேன். அக்காவுக்கு மூட்டை கட்டுகிற வேலை. "தனியா போயிருவியா?" என்று மட்டும் கேட்டாள். மாத்திரை எடுத்தாயா என்று கேட்க மறந்துவிட்டாள்.

கூட்டம் அதிகம். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஜன்னலோரத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். நான் உட்கார்ந்து, மெனுவைத் திறக்காமலே சூப்பும், கடலை விழுதும், அடுப்பில் சுட்ட கத்தரிக்காயும் சொன்னேன். எதிர் நாற்காலிகளில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அன்று காலையில்தான் தில்லியில் இறங்கினார்களாம். அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனைவி தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்.

"நீங்கள் இங்கே அடிக்கடி வருவீர்களோ? எது நன்றாக இருக்கும்?"

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய அட்டையை வாங்கி, முதல் வரியில் விரலை வைத்தேன்.